வீட்டுத் தோட்டச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அய்யா அவர்களே, பொருளாளர் அம்மா அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மழையால் தள்ளிப்போன ஒன்றைத் தவிர மாதக் கூட்டங்கள் உரிய தேதியில் நடந்தன. ஆடிப்பட்டத்துக்கு விதைப் பொட்டலங்கள் வழங்கப்பட்டன. டிசம்பர் 5, உலக மண் தினத்தன்று மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். பொங்கலுக்கு மறுவாரம் காய்கறிக் கண்காட்சி நடந்தது.

இந்த ஆண்டு சங்கப் பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குப் போனது. "நாற்று வாங்கியிருக்கலாம், ஏலகிரிக்கு எல்லோரும் ஒருநாள் போய் வந்திருக்கலாம், மண்ணுக்கா இவ்வளவு?" என்று சிலர் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது என் கடமை. ஆண்டுதோறும் நாற்று கொடுத்தோம். கார்த்திகையில் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் வெறும் தொட்டிதான் இருந்தது. நாற்று சரியில்லை, வேலூர் வெயில் தாங்கவில்லை என்றார்கள். அதே வெயிலில்தான் இலவம்பாடியில் முள்ளுக் கத்தரி காய்க்கிறது, 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியது.

ஆகவே குறை மண்ணில்தானா என்று பார்க்க, உறுப்பினர் வீட்டு மண்ணைச் சோதனைக்கு அனுப்பும் வேலையைச் செயற்குழு ஒப்புதலோடு தொடங்கினேன். சருகை ஒதுக்கிவிட்டு அரையடி ஆழத்துக்குச் சரிவாகக் குழி வெட்டி, பக்கச்சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுரண்ட வேண்டும். நாலைந்து இடத்து மண்ணைக் கலந்து, நாலு பாகமாக்கி, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் அரைக் கிலோ எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். எருக்குப்பை ஓரத்திலும் மரத்தடியிலும் எடுத்த மண் கணக்கில் சேராது. வீடு வீடாகப் போய் இதைச் செய்து காட்டினேன்.

சத்துவாச்சாரியில் ஓர் உறுப்பினர் வீட்டு மல்லிகையைச் சொல்லியாக வேண்டும். கொழுந்தெல்லாம் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இது இரும்புச்சத்துக் குறை. மல்லிகைக்குக் கார அமில நிலை (pH) ஆறரையிலிருந்து ஏழரைக்குள் இருக்க வேண்டும். அங்கே எட்டரையைத் தாண்டியிருந்தது. தோண்டியபோது காரணம் கையில் வந்தது: வீடு கட்டியபோது புதைத்த காரை, சிமெண்ட் கட்டி, செங்கல் ஜல்லி. மண்ணில் சுண்ணாம்பு ஏறினால், இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அந்த அம்மா அதன்மேல் வாரந்தோறும் முட்டை ஓட்டுத் தூளும் அடுப்புச் சாம்பலும் போட்டு வந்தார். யாரோ நல்லது என்று சொன்னார்களாம். இரண்டுமே காரத்தை இன்னும் ஏற்றுபவை. இடிபாட்டை எடுத்துவிட்டுச் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிரப்பினோம். லிட்டருக்கு 5 கிராம் வீதம் இரும்புச்சத்து தரும் அன்னபேதி உப்பைக் கரைத்து மாதம் ஒருமுறை இலையில் தெளித்தோம். அடுத்து வந்த துளிர் பச்சையாக வந்தது. நாற்றுக்குச் செலவு செய்திருந்தால் இது நடந்திருக்காது.

கழிஞ்சூர் பக்கம், முன்பு நஞ்சையாக இருந்த மனைகளில் சிக்கல் வேறு. களிமண், மழை பெய்தால் தண்ணீர் கட்டி நிற்கும். முள்ளங்கி கோணிப் பிளக்கிறது என்றவர்களைச் சேப்பங்கிழங்கு போடச் சொன்னேன்; முள்ளங்கிதான் வேண்டும் என்றவர்களுக்கு மேட்டுப்பாத்தி போட்டுக் கொடுத்தோம்.

தொட்டி வைப்பவர்களுக்காகச் சங்கமே மண்கலவை தயாரித்தது: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவு குடியாத்தம் பக்கமிருந்து வந்தது. உப்புப் போகப் பலமுறை அலசிய பிறகே சேர்த்தோம். ஆற்றோர மண் சும்மா கிடைக்கிறதே, ஏன் வாங்கவில்லை என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். தோல் பதனிடும் கழிவால் பாலாற்று நீரும் நிலமும் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-இல். எந்த இடத்து மண் என்று தெரியாமல், பிள்ளைகள் சாப்பிடும் கீரைக்கு அதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். இனியும் மாட்டேன்.

வருத்தமான ஒன்றையும் பதிவு செய்கிறேன். செம்மண் லோடு இறங்கிய ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கையெழுத்துப் போட்டவர்களில் மிகச் சிலரே வந்தார்கள். தலைவர் அய்யா தம் வயதையும் பாராமல் மண்வெட்டி பிடித்தார். மறுவாரம் கலவை தயார் என்றதும் சாக்கோடு வந்தவர்கள் பலர். அவர்களில் இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி உள்ளவர்களும் உண்டு. அன்று யாரையும் நான் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் ஒழுங்காகச் சந்தா கட்டும் பென்ஷன்காரர் ஒருவருக்குக் கலவை தீர்ந்துபோய்க் கொடுக்க முடியவில்லை. அது இன்றுவரை என் மனதை உறுத்துகிறது.

வரவு செலவைப் பொருளாளர் அம்மா வாசிப்பார்கள். வரவைவிடச் செலவு சற்றுக் கூடியது. பழைய கையிருப்பிலிருந்து ஈடுகட்டினோம். செயற்குழு ஒப்புதல் இல்லாமல் எந்தச் செலவும் நடக்கவில்லை.

இடம் தந்து உதவிய பள்ளி நிர்வாகத்துக்கும், பந்தல், ஒலிபெருக்கி ஏற்பாடு செய்தவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுப் பொறுப்புக்கு இளையவர் ஒருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு கணக்கையும் சாவியையும் ஒப்படைப்பேன். யார் வந்தாலும் மண் சோதனையை நிறுத்த வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். நானே தொடர வேண்டும் என்று பொதுக்குழு கருதினால், லோடு இறக்கும் நாளில் ஆள் வேண்டும், கையில் பணம் வேண்டும். ஆடி பிறப்பதற்குள் செம்மண்ணுக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். பாக்கி உள்ளவர்கள் இன்றே பொருளாளர் அம்மாவிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். மண் மாதிரிக்கான துணிப்பைகள் வாசல் மேசையில் உள்ளன. பையோடு பெயரையும், அந்த இடத்தில் இதற்குமுன் என்னென்ன போட்டீர்கள் என்பதையும் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்