சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தால் ஓ.டி. போய்விடாது

சிங்கப்பூர்

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? சேரம்பாடியில் மழை விட்டபாடில்லை என்று அண்ணி போனில் சொன்னார்கள். இங்கேயும் மழைதான். ஆனால் குளிர் மட்டும் வராது. வருஷம் முழுக்க ஒரே புழுக்கம். மலை என்று பார்த்தால் புக்கிட் தீமா ஒன்றுதான், அதுவும் 160 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நம் ஊர்க்காரன் அதை மலை என்று சொல்ல மாட்டான்.

உங்கள் பையனுக்கு இங்கே உள்ள கம்பெனியிலிருந்து வந்த ஆஃபர் லெட்டரைப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி காதில் ஏறாது, அதனால்தான் எழுதுகிறேன். அவனும் படிக்கட்டும். சைட் சூப்பர்வைசர் வேலை, பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 1,800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, வாரம் ஆறு நாள், ஓ.டி. (ஓவர்டைம்) கிடையாது என்று போட்டிருக்கிறார்கள். "சூப்பர்வைசர் என்றால் ஓ.டி. இருக்காதுதானே, ஃபேக்டரியில் எனக்கே கிடையாதே" என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊர்க் கணக்கு வேறு, அண்ணா. அங்கே தொழிலாளிக்கு ஓவர்டைம் என்றால் இரட்டிப்புச் சம்பளம், ஆனால் மேற்பார்வை வேலை பார்ப்பவரைத் தொழிலாளி கணக்கிலிருந்தே எடுத்துவிட வழி வைத்திருக்கிறார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர் தொழிலாளி இல்லை. இங்கே ஓ.டி. ஒன்றரை மடங்குதான். ஆனால் ஆள் யார், என்ன வேலை செய்கிறான் என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

இங்கே வேலைச் சட்டத்தில் நான்காம் பாகம் என்று ஒன்று இருக்கிறது. வேலை நேரம், ஓய்வு நாள், ஓ.டி. எல்லாம் அதில்தான் வருகிறது. உடலுழைப்புத் தொழிலாளி என்றால் பேசிக் 4,500 வெள்ளி வரை அது பொருந்தும். மற்ற வேலைக்காரர்களுக்கு 2,600 வரை. மேனேஜர், எக்ஸிகியூட்டிவ் ஆட்களுக்குக் கிடையாது. பாதி நேரம் தானே கைவேலை செய்துகொண்டு மீதி நேரம் ஆட்களைக் கூடவே நின்று மேய்க்கும் சூப்பர்வைசரையும் அந்தச் சட்டம் உடலுழைப்புத் தொழிலாளி என்றே எடுத்துக்கொள்கிறது. கைவேலை பாதிக்கும் குறைவு என்று கம்பெனி சாதித்தாலும் நம் பையனுக்குக் கவலையில்லை, 1,800 என்பது 2,600க்குக் கீழேதானே. ஆக எப்படிப் பார்த்தாலும் அவனுக்கு ஓ.டி. உண்டு. அவனை மேனேஜர் என்று காட்டினால்தான் கம்பெனி தப்பிக்க முடியும். ஆளை எடுப்பது, நிறுத்துவது, சம்பளம் உயர்த்துவது, தண்டிப்பது இதிலெல்லாம் அதிகாரம் இருப்பவன்தான் மேனேஜர். சைட் சூப்பர்வைசர் யாரை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறான்? லீவு கேட்டு வருபவனையே ஆபீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இந்த வேலையில் என்ன செய்கிறோம் என்று பையன் கேட்டிருந்தான். காலையில் லாரி பின்னால் உட்கார்ந்து சைட்டுக்குப் போய் இறங்கியதும் டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலைக்கு முன் பாதுகாப்புப் பேச்சு. யார் எங்கே, என்ன ஆபத்து, ஹார்னெஸ் (பாதுகாப்பு பெல்ட்) கொக்கியை எதில் மாட்ட வேண்டும் என்று தமிழிலும், பங்களாதேஷ் தம்பிகளுக்கு உடைந்த இந்தியிலும் சொல்ல வேண்டும். அப்புறம் அன்றைய வேலையைத் தொடங்க அனுமதிக்கும் பெர்மிட் தாளில் கையெழுத்து வாங்க அலைய வேண்டும். அதோடு சூப்பர்வைசர் வேலை முடிந்துவிடும். மீதி நேரம் ஷட்டரிங் பலகை தூக்குகிறேன், கம்பி கட்டுகிறேன், ஆள் வராத நாளில் கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் பிடிக்கிறேன். ஸ்லாப் கான்கிரீட் போடும் நாளில் லாரி டிராஃபிக்கில் மாட்டினால் முடிகிற வரை யாரும் நகர முடியாது. மின்னல் எச்சரிக்கைக்குச் சைரன் அடித்தால் எல்லோரும் கூரைக்குக் கீழே ஓட வேண்டும், நின்ற நேரத்தை ராத்திரியில் ஈடுகட்ட வேண்டும். காலையில் பொட்டலமாக வரும் கேட்டரிங் சோற்றை மதியம் பிரித்தால் சாம்பார் ஒரு ஓரமாக உறைந்து கிடக்கும். அண்ணி கை ரசத்தை நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

முந்தைய கம்பெனியில் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிய மாதமே பேஸ்லிப்பில் ஓ.டி. கட்டம் காலியாக வந்தது. கேட்டதற்கு "இப்போது நீ ஆபீஸ் ஆள்" என்றார் மேலே இருந்தவர். ஆபீஸ் ஆளின் கையில் எதற்கு இத்தனை காய்ப்பு என்று நான் கேட்கவில்லை. ஒரு நோட்டு வாங்கினேன். தினமும் சைட் கேட்டில் முகம் காட்டி உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அன்று கையால் செய்த வேலை இவ்வளவையும் எழுதிவைத்தேன். "பம்ப் கழுவி முடிந்தது, 9.40" என்று இன்ஜினியருக்கு நான் போட்ட வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

கட்டுமானத் துறையில் வொர்க் பெர்மிட் (வேலை அனுமதி) முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். அப்படி மாறிய பிறகுதான் புகார் கொடுத்தேன். வேலையில் இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள் கொடுக்கலாம், விலகிவிட்டால் ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முதலில் டாடெம் என்று ஒரு முத்தரப்பு அமைப்பு இருக்கிறது, அங்கே இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். அங்கே முடியாவிட்டால் வேலை தொடர்பான உரிமைக் கோரிக்கைகளுக்கென்றே 2017 முதல் நடக்கும் தீர்ப்பாயம். அங்கே வக்கீல் வைக்க முடியாது, முதலாளியும் வைக்க முடியாது. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. கம்பெனி ஆள் சூப்பர்வைசர் பதவி உயர்வுக் கடிதத்தை நீட்டினார். பேச்சை நடத்திய டாடெம் அதிகாரி அம்மா அதை ஓரமாக வைத்துவிட்டு, "அன்றைக்குக் கம்பி கட்டியது யார்?" என்று மட்டும் கேட்டார். கேட்டதில் பெரும்பகுதி வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. ஒவ்வொரு வரியாக விளக்கம் கேட்டு இழுத்தடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன், அப்படி நடக்கவில்லை.

சரி, பையன் கணக்குக்கு வருகிறேன். மாதப் பேசிக்கைப் பன்னிரண்டால் பெருக்கி, 52ஐ 44ஆல் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். 1,800க்கு ஒரு மணி நேரம் 9.44 வெள்ளி. ஒன்றரை மடங்கு என்றால் ஓ.டி. ஒரு மணிக்கு 14.16. மதியம் ஒரு மணி நேரம் கழித்தாலும் அவர்கள் கேட்பது தினம் பதினொரு மணி நேர வேலை, வாரத்துக்கு 66. சட்டப்படி 44. மீதி 22 மணி நேரமும் ஓ.டி.தான். மாதத்துக்குப் போட்டால் 95 மணியைத் தொடும். ஆனால் மாதத்துக்கு 72 மணிக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது என்பது சட்டம், அதைத் தாண்ட மனிதவள அமைச்சிடம் தனி அனுமதி வேண்டும். அதாவது அந்த லெட்டரே சட்டத்தை மீறுகிறது. வெறும் 72 மணி என்று வைத்தால்கூட மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் அவன் கையைவிட்டுப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கூப்பிட்டு முழு நாள் வேலை வாங்கினால் அதற்கு இரண்டு நாள் சம்பளம், அதுவும் தனி.

ஐ.பி.ஏ. என்கிற முன் அனுமதிக் கடிதம் அவன் புறப்படுவதற்கு முன் தமிழிலும் கையில் வர வேண்டும். அதில் பேசிக், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். பேசிக் 1,800 என்றுதான் இருக்கிறதா, இல்லை 900 பேசிக், 900 அலவன்ஸ் என்று பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிரித்தால் ஓ.டி. ரேட் பாதியாகிவிடும். இந்தத் தந்திரம் இங்கே எல்லோருக்கும் தெரியும், வந்து இறங்குகிற பையன்களுக்கு மட்டும் தெரியாது. வந்த பிறகு அதில் உள்ள சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் அவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தபோது இலை நிறுத்து லாரி ஏற்றி முடிக்கிற வரை நின்றுவிட்டு இருட்டில் டார்ச்சோடு வீடு வருவார். "பொறுப்பு வந்தால் நேரம் பார்க்கக் கூடாது" என்பார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சை வைத்தே இங்கே எத்தனையோ பேர் சும்மா உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏஜென்ட்டிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பேசிக் எவ்வளவு, ஓ.டி. எந்த ரேட்டில்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கட்டும். நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், லட்சக்கணக்கில் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வரட்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பணம் எதுவும் அதற்கு முன் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) இருப்பேன், மதியம் கூப்பிடுங்கள். இங்கே நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது என்பதை அம்மாவிடம் இன்னொரு முறை சொல்லிவையுங்கள், நள்ளிரவு தாண்டியெல்லாம் போன் வருகிறது.

உங்கள் அன்புத் தம்பி