ஆரணி நண்பனுக்கு: ரூட் எந்த இடத்தில் நின்றது?

காட்பாடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆரணியில் கேபிள் நடத்தி வந்தவர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய இணைய நிறுவனத்தின் நெட்வொர்க் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டாய் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பட்டுத் தறி வீடுகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் இணைப்பு கொடுப்பது சின்ன வேலை அல்ல. ஆலை முதலாளி இ-வே பில் எடுக்க முடியாமல் லாரியை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில்தான் நம் வேலையின் எடை நமக்கே புரிகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய். அடுத்த பரிசோதனைக்கு வேலூர் வரும்போது கட்டாயம் வீட்டுக்கு அழைத்து வா. இங்கே வெயில் வழக்கம்போல் கொளுத்துகிறது, காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு /22 தொகுதி (நான்கு /24-கள் அடங்கிய 1024 ஐபி முகவரிகள்) இருக்கிறது. அதை பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) மூலம், உங்களை உலக இணையத்தோடு இணைக்கும் இரண்டு அப்ஸ்ட்ரீம் நிறுவனங்களுக்கும் அறிவிக்கிறீர்கள். உள்ளே வரும் டிராஃபிக்கைப் பங்கிடுவதற்காக, அதிலிருந்து முதல் /24-ஐ முதல் அப்ஸ்ட்ரீமுக்கும் கடைசி /24-ஐ இரண்டாவது அப்ஸ்ட்ரீமுக்கும் தனியாக அறிவித்தாய். முதலாவது வேலை செய்கிறது. இரண்டாவதில் செஷன் (இரு ரவுட்டர்களுக்கு இடையிலான பிஜிபி இணைப்பு) எஸ்டாப்ளிஷ்டு, அதாவது நிலைபெற்றது, என்று நிற்கிறது, ஆனால் டிராஃபிக் பழைய வழியிலேயே வருகிறது. வாடிக்கையாளர் யாருக்கும் இணைப்பு அறவில்லை, ஏனென்றால் /22 அறிவிப்பு அவர்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. செஷனை கிளியர் செய்து பார்த்தும் மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறாய்.

முதலில், தயவுசெய்து செஷனை இனி அப்படி கிளியர் செய்யாதே. முழுவதுமாக கிளியர் செய்தால் டிசிபி இணைப்பே அறுந்து, அந்த நெய்பர் (எதிர்முனை ரவுட்டர்) வழியாகக் கற்ற ரூட்டுகளும் நாம் அறிவித்தவையும் மொத்தமாக விலகி, மீண்டும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் நன்றாக இருந்த வாடிக்கையாளரும் பாதிக்கப்படுவார். பாலிசியை (எதை அனுப்பலாம், எதை ஏற்கலாம் என்ற விதியை) மாற்றிய பிறகு ரூட்டுகளைப் புதிதாக அனுப்ப வேண்டுமென்றால், செஷனை அறுக்காத வெளிநோக்கிய சாஃப்ட் கிளியர் போதும். அதோடு, கிளியர் செய்வதனால் எந்தக் காரணமும் வெளிப்படுவதில்லை. இருக்கிற தடயமும் அழிந்துபோகிறது.

ஒரு ரூட் நம்மிடமிருந்து உலகத்தைச் சென்று சேர வரிசையாகச் சில வாசல்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று 'இங்கே இருக்கிறதா' என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனால், இல்லை என்ற பதில் வருகிற இடத்தில்தான் பழுது இருக்கும். பிஜிபி பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் உனக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். பெரும்பாலானோர் நடுவிலிருந்து தொடங்குகிறார்கள். செஷன் நிலையைப் பார்த்துவிட்டு நேராக அப்ஸ்ட்ரீமுக்கு ஃபோன் செய்கிறார்கள். சம்மரி கட்டளையின் கடைசிப் பத்தியில் தெரிகிற எண், அந்த நெய்பரிடமிருந்து நாம் பெற்ற பிரிஃபிக்ஸ்களின் (முகவரித் தொகுதிகளின்) எண்ணிக்கை. நாம் அனுப்பியதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அங்கே லட்சக்கணக்கில் எண் நின்றாலும் நம்முடைய ஒரு ரூட்கூட வெளியே போகாமல் இருக்கலாம்.

ஆகவே முதல் வாசல் உன்னுடைய ரூட்டிங் டேபிள், அதாவது ரவுட்டர் வழி பார்க்கும் பட்டியல். சிஸ்கோ வகை ரவுட்டரில் நெட்வொர்க் கட்டளையால் ஒரு பிரிஃபிக்ஸை அறிவிக்க வேண்டுமானால், அதே முகவரியும் அதே மாஸ்க்கும் (/24 போன்ற நீளம்) கொண்ட ரூட் ரூட்டிங் டேபிளில் இருந்தாக வேண்டும். /22 இருக்கிறதே, அதற்குள் /24 அடங்குகிறதே என்று ரவுட்டர் எண்ணாது. இதற்காகத்தான் எப்போதும் விழாத கற்பனை இன்டர்ஃபேஸான நல் 0-ஐ நோக்கி ஒரு ஸ்டேட்டிக் ரூட் போட்டு வைக்கிறோம். அது வெறும் சம்பிரதாயம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் அருமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் பள்ளம் தோண்டிய ஜேசிபி எங்கள் ஃபைபரை அறுத்தது. மாற்று வழி தயாராக இருந்தும் ஒரு சிறிய நெட்வொர்க்கின் /24 மட்டும் உலகத்திலிருந்தே மறைந்துவிட்டது. அவர்களுடைய ஸ்டேட்டிக் ரூட் அறுந்த லிங்க்கின் இன்டர்ஃபேஸை நோக்கி இருந்தது. இன்டர்ஃபேஸ் விழுந்ததும் ரூட் டேபிளிலிருந்து போனது. ரூட் போனதும் பிஜிபி கடமை தவறாமல் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நல் 0-க்கு ஒரு வரி இருந்திருந்தால் அறிவிப்பு அசையாமல் நின்றிருக்கும்.

அடுத்த வாசல் பிஜிபி டேபிள். அங்கே உன் /24 இருக்கிறதா, அதன் பக்கத்தில் செல்லுபடியாகும், சிறந்தது என்ற இரண்டு குறிகளும் இருக்கின்றனவா என்று பார். பிஜிபி தான் சிறந்ததென்று தேர்ந்த பாதையை மட்டுமே நெய்பருக்குச் சொல்லும். உன் /24 வேறொரு ரவுட்டரிலிருந்து ஐபிஜிபி (ஒரே நெட்வொர்க்குக்குள் ஓடும் பிஜிபி) வழியாக வந்தால், அதன் நெக்ஸ்ட்-ஹாப் (அடுத்த நிறுத்த) முகவரிக்கு இந்த ரவுட்டரில் வழி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வழி இல்லையென்றால் அந்த ரூட் டேபிளில் உட்கார்ந்திருக்கும், ஆனால் சிறந்ததாகத் தேர்வு பெறாது, வெளியேயும் போகாது. அடுத்த நிறுத்தம் நானே என்று சொல்லும் நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் என்ற ஒரு வரி தீர்க்கிற சிக்கலை ஓர் இரவு முழுக்கத் தேடியவர்கள் உண்டு. பிற்பாடு செய்யாற்றிலோ போளூரிலோ மூன்றாவது ரவுட்டர் வைக்கப் போகிறாய் என்றால் இதையும் நினைவில் வை: ஐபிஜிபியில் ஒருவரிடம் கற்ற ரூட்டை இன்னொரு ஐபிஜிபி நெய்பருக்கு ரவுட்டர் சொல்லாது. எல்லோருக்கும் எல்லோருடனும் செஷன் வேண்டும், அல்லது ஒருவர் சொன்னதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ரூட் ரிஃப்ளெக்டர் வேண்டும்.

பிஜிபி டேபிளில் /24-இன் ஓரத்தில் அடக்கப்பட்டது என்ற குறி இருந்தால், /22-ஐ நீ எப்படி உருவாக்கினாய் என்று பார். அக்ரிகேட் (சிறியவற்றை ஒன்றாகத் தொகுக்கும்) கட்டளையோடு சம்மரி-ஒன்லி சேர்த்திருந்தால், அது தன் கீழுள்ள /24-களை வெளியே விடாமல் அடக்கிவிடும்.

மூன்றாவது வாசல் வெளிநோக்கிய பாலிசி. பிரிஃபிக்ஸ்-லிஸ்ட்டில் (அனுமதிப் பட்டியலில்) /22 என்று மட்டும் எழுதியிருந்தால் அது /22-ஐ மட்டுமே அனுமதிக்கும். அதற்குள் அடங்கும் /24-களுக்குத் தனி வரி வேண்டும். ரூட்-மேப்பின் (விதிகளின் வரிசையின்) இறுதியில், எழுதப்படாத ஒரு மறுப்பு எப்போதும் இருக்கிறது. மேலே எந்த வரியிலும் பொருந்தாதது அங்கே மடியும். பாலிசியே இல்லாத செஷனில் பழக்கம் ரவுட்டருக்கு ரவுட்டர் மாறுவதையும் கவனிக்க வேண்டும். 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8212 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், பாலிசி எதுவும் எழுதப்படாத இபிஜிபி (வேறு நெட்வொர்க்குடனான பிஜிபி) செஷனில் எதையும் ஏற்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது என்று வகுத்தது. சிஸ்கோவின் பழைய ரவுட்டர் மென்பொருளான ஐஓஎஸ்-இல் பாலிசி இல்லையென்றால் எல்லாம் போகும். ஐஓஎஸ் எக்ஸ்ஆர்-இல் பாலிசி இல்லையென்றால் ஒன்றுமே போகாது. பழைய பெட்டியை மாற்றிப் புதிய பெட்டி வைத்த இரவில் ரூட்டுகள் காணாமற்போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. எனக்கு அந்தப் புதிய வழக்கமே பிடிக்கும். பேசத் தெரியாத ரவுட்டர் மௌனமாக இருப்பது நல்லது.

இந்த மூன்று வாசலையும் தாண்டியதற்குச் சான்று, அந்த நெய்பருக்கான அட்வர்டைஸ்டு-ரூட்ஸ் கட்டளையின் பட்டியல். நீ அனுப்பிய வெளியீட்டில் அந்தப் பட்டியலில் உன் கடைசி /24 தெளிவாக இருக்கிறது. ஆகவே உன் வீட்டுக்குள் பழுது இல்லை. மேலே எழுதியவை உனக்கு வேறொரு நாள் பயன்படும் என்பதால்தான் விரிவாக எழுதினேன்.

ரூட் நம் வாசலைத் தாண்டிவிட்டது என்றால் மீதித் தேடல் அடுத்தவர் வீட்டில். அங்கே நமக்குக் கட்டளை போடும் உரிமை இல்லை. ஆனால் அவர்கள் ரவுட்டரில் உள்ள ரூட்டுகளை வெளியாரும் பார்க்க உதவும் லுக்கிங் கிளாஸ் இருக்கிறது. அப்ஸ்ட்ரீமுடைய லுக்கிங் கிளாஸில் உன் /24 இருந்து, ஒரேகான் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ் போன்ற பொதுப் பார்வையில் இல்லையென்றால், அவர்கள் பெற்றுக்கொண்டு வெளியே சொல்லவில்லை என்று பொருள். அப்போது வெளியே சொல்லாதே என்று பொருள்படும் நோ-எக்ஸ்போர்ட் கம்யூனிட்டி என்ற குறி ஒட்டியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அவர்களிடமே இல்லையென்றால் வாங்கும் வாசலிலேயே தள்ளிவிட்டார்கள். நீ எழுதியபடி அவர்களிடமே இல்லை.

அதற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. ஒன்று, அவர்கள் உனக்காக வைத்திருக்கும் ஃபில்டரில் /22 மட்டுமே இருப்பது. எந்தத் தொகுதியை யார் அறிவிப்பார் என்று பொதுப் பதிவேட்டில் நீங்கள் பதிந்த ரூட் ஆப்ஜெக்ட்டுகளைக் கொண்டு அந்த ஃபில்டரை உருவாக்குபவர்கள் பலர். /24-க்கு ரூட் ஆப்ஜெக்ட் இல்லையென்றால் அது வராது. மற்றொன்று ஆர்பிகேஐ, அதாவது அறிவிக்கும் உரிமையைக் கையெழுத்திட்ட சான்றால் சரிபார்க்கும் ஏற்பாடு. என் மனம் இதையே அதிகம் சந்தேகிக்கிறது. உங்கள் /22-க்கான ஆர்.ஓ.ஏ.-வை (அந்தச் சான்றை) நான் பொதுவில் பார்த்தேன். அதில் ஏஎஸ் எண் (உங்கள் நெட்வொர்க்கின் அடையாள எண்) சரியாக இருக்கிறது, ஆனால் அதிகபட்ச நீளம் 22 என்று இருக்கிறது. அதன் பொருள், இந்த ஏஎஸ் இந்த முகவரிகளை /22-ஆக மட்டுமே அறிவிக்கலாம் என்று நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது. அப்படியிருக்க அதே ஏஎஸ்-இலிருந்து ஒரு /24 வந்தால், சரிபார்க்கும் ரவுட்டர் அதைச் செல்லாதது என்று முடிவு செய்கிறது. உரிமையாளர் நீங்களே என்பது அங்கே கணக்கில் வராது.

முதல் அப்ஸ்ட்ரீம் ஏன் ஏற்றுக்கொண்டது என்று கேட்பாய். அவர்கள் சரிபார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். அதனால் முதல் /24 நன்றாக இருக்கிறது என்றும் நம்பிவிடாதே. அவர்களைத் தாண்டி உலகில் சரிபார்க்கிற ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் அதுவும் தள்ளப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது அப்ஸ்ட்ரீம் மீது நீ கோபமாக எழுதியிருந்தாய். அவர்கள் செய்தது சரியான காரியம் என்பது என் கருத்து. பிஜிபியின் முதல் வடிவம் 1989-இல், நம் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த அதே ஆண்டில் வந்தது. அண்டை வீட்டார் சொல்வதை நம்பும் ஏற்பாடாகவே அது பிறந்தது. சொல்பவருக்குச் சொல்ல உரிமை உண்டா என்று கேட்கும் வழி அதற்குள் இல்லை. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காகப் போட்ட ஒரு /24 ரூட் வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22. நீளமான, அதாவது சிறிய தொகுதியைக் குறிக்கும், பிரிஃபிக்ஸே வெல்லும் என்பதால் உலகத்தின் யூடியூப் டிராஃபிக் அந்த /24-ஐத் தேடிப் போனது. அதை மேலே ஏற்றுக்கொண்ட அப்ஸ்ட்ரீம் சரிபார்த்திருந்தால் அது நடந்தே இருக்காது. உன் /22-க்குள் வேறு எவரோ ஒரு /24-ஐ அறிவித்தால் அன்று உன்னைக் காப்பதும் இதே சரிபார்ப்புதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. நிக்ஸியின் கீழ் இயங்கும், இந்தியாவில் ஐபி முகவரிகளைப் பதியும் ஐ.ஆர்.ஐ.என்.என். தளத்தில் உங்கள் நிறுவனக் கணக்கில் நுழைந்து, நீ உண்மையில் அறிவிக்கும் இரண்டு /24-களுக்கும் தனித்தனியாக ஆர்.ஓ.ஏ. உருவாக்கு. /22-க்கானது இப்போதிருப்பதுபோலவே இருக்கட்டும். அதிகபட்ச நீளத்தை 24 என்று மாற்றினால் ஒரே வரியில் வேலை முடிந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள், அப்படிச் செய்யாதே. நீ அறிவிக்காத நடு இரண்டு /24-களுக்கும் அனுமதி கொடுத்ததாகிவிடும். உன் ஏஎஸ் எண்ணைப் பொய்யாகப் பாதையின் இறுதியில் வைத்து வேறொருவர் அவற்றை அறிவித்தால், சரிபார்க்கும் ரவுட்டரும் செல்லும் என்று விட்டுவிடும். 2022-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9319 இதையே எச்சரிக்கிறது. அவசரத்தில் ஆர்.ஓ.ஏ.-வை அழித்துவிடவும் வேண்டாம். அழித்தால் உன் /24 தெரியாதது என்ற நிலைக்கு மாறிப் பெரும்பாலான இடங்களில் நுழைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு திறந்தது என்று மகிழ்வதில் பொருளில்லை.

அதே நாளில் இரண்டு /24-களுக்கும் ரூட் ஆப்ஜெக்ட்டையும் பதிந்துவிடு. பிறகு இரண்டாவது அப்ஸ்ட்ரீமின் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதும்போது, ரூட் போகவில்லை என்று மட்டும் எழுதாமல், அட்வர்டைஸ்டு-ரூட்ஸ் வெளியீடு, உங்கள் ஏஎஸ் எண், பிரிஃபிக்ஸ், புதிய ஆர்.ஓ.ஏ. உருவாக்கிய நேரம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பு. பெறும் பக்கத்தில் எந்த ஃபில்டரில் தள்ளப்பட்டது என்று ஒரே கேள்வியாகக் கேள். அப்படி எழுதினால் முதல் நிலை ஊழியரிடம் சுற்றாமல் நேராகப் பார்க்கத் தெரிந்தவரிடம் போகும்.

புதிய ஆர்.ஓ.ஏ. உலகெங்கும் உள்ள சரிபார்ப்பு சர்வர்களைச் சென்றடையச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை கான்ஃபிக்கில் கை வைக்காதே. டிராஃபிக் இரண்டாவது லிங்க்கில் ஏறத் தொடங்கியதும், அந்த லிங்க் ஒருநாள் விழுந்தால் கடைசி /24 முதல் லிங்க் வழியாக /22-இன் துணையால் தடையின்றி வருகிறதா என்பதை ஓர் அதிகாலையில் நீயே செஷனை நிறுத்திச் சோதித்துப் பார். அந்த ஒரு சோதனைக்கு மட்டும் செஷனை நிறுத்த உனக்கு என் முழுச் சம்மதம் உண்டு. முன்கூட்டியே ஆலைக்காரர்களுக்கும் தகவல் சொல்லிவிடு.

அப்ஸ்ட்ரீமின் பதிலையும், மாற்றத்துக்குப் பிறகு லுக்கிங் கிளாஸில் தெரிவதையும் அப்படியே எனக்கு அனுப்பு. ஃபில்டர்தான் காரணம் என்று அவர்கள் சொன்னாலும் ஆர்.ஓ.ஏ. திருத்தத்தைத் தள்ளிப்போடாதே. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் காட்பாடி நண்பன்