செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி கோத்தகிரி வட்டாரத்தில் குடியிருக்கும் குடும்பங்களுக்கான நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன்.

செயற்குழு எட்டு முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கல் விளையாட்டுப் போட்டியைக் காலை உறைபனி விலகிய பிறகே தொடங்க முடிந்தது. மூன்று மூத்த உறுப்பினர்கள் காலமானார்கள். ஈமச்சடங்கு உதவித்தொகை மூன்று வீட்டிலும் அன்றைக்கே கொடுக்கப்பட்டது.

இனி, சனிக்கிழமை வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓராண்டாக இதைப் பற்றிக் காதுபடவும் காதுபடாமலும் பேசப்பட்டதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இலங்கையின் சனநாயகமும் மனித உரிமையும் எப்படி இருக்கின்றன என்று ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2012 முதல் தீர்மானம் மேல் தீர்மானமாகக் கண்காணித்து வருகிறது. அந்த ஆவணங்களை மாதம் இரண்டு சனிக்கிழமை சங்க அறையில் தமிழில் வாசித்து, ஒரு பேரேட்டில் பதிந்து வருகிறோம். பேரேட்டில் மூன்று பத்திகள்: அரசு சொன்னது, கண்காணிப்பவர்கள் கண்டது, அங்கே இருக்கும் நம் உறவினர்கள் சொல்வது. மூன்றாவது பத்தி வேறு எந்த அறிக்கையிலும் கிடைக்காது. இலங்கை மலையகத்தில் அட்டனிலும் பதுளையிலும் இருக்கும் அக்கா மகன், சித்தப்பா மகள் என்று வாட்ஸ்அப்பில் பேசிக் கேட்டு எழுதியது.

முதல் பக்கம் 2015 அக்டோபரின் 30/1 தீர்மானம். அதற்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது, அதாவது முன்மொழிந்த நாடுகளோடு தானும் சேர்ந்து நின்றது. உண்மை கண்டறியும் ஆணைக்குழு, காணாமல்போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம், வழக்கு விசாரிக்கத் தனி நீதிப் பொறிமுறை என்று நான்கு வாக்குறுதிகள். காணாமல்போனோர் அலுவலகத்துக்கு 2016இல் சட்டம் வந்தது, 2018இல்தான் அது இயங்கத் தொடங்கியது. இழப்பீட்டு அலுவலகத்துக்கும் சட்டம் வந்தது. மற்ற இரண்டுக்கும் எதிரே இரண்டாம் பத்தி காலியாகவே கிடக்கிறது. 2020 பிப்ரவரியில் புதிய அரசு அந்த இணை அனுசரணையிலிருந்து விலகியது. அதன் பிறகு 2021இல் வந்த 46/1 தீர்மானம் இன்னொரு வேலையைத் தொடங்கியது. நாளை எந்த நீதிமன்றமாவது விசாரிக்க முன்வந்தால் கொடுப்பதற்காக, சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பு மனித உரிமை ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வாக்கெடுப்பில் ஆதரவு 22, எதிர்ப்பு 11, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 14. ஒதுங்கிய 14இல் நம் இந்தியாவும் ஒன்று. 2012இலும் 2013இலும் ஆதரித்து வாக்களித்த நாடு இது. அந்த வரியை வாசித்த அன்று அறையில் யாரும் பேசவில்லை.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. தற்காலிக ஏற்பாடு என்று பெயரிலேயே வைத்து 1979இல் கொண்டுவந்த சட்டம். அதை நீக்குவோம் என்ற வாக்குறுதியைப் பேரேட்டில் பலமுறை எழுதிவிட்டோம். ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையில் கொடுக்கும் வரிச்சலுகைக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. 2010இல் அந்தச் சலுகையை நிறுத்தியது, 2017இல் திருப்பிக் கொடுத்தது. அந்த நெருக்கடியெல்லாம் சேர்ந்துதான் 2022இல் ஒரு திருத்தம் வந்தது. தடுப்புக் காவலின் உச்ச வரம்பு 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. சட்டம் அப்படியே இருக்கிறது. கண்காணிப்பால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். ஒரு மனிதனின் வாழ்க்கையில் ஆறு மாதம் சிறையில்லாமல் கழிவது சிறிய காரியமா? அதே சமயம், இவ்வளவு ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகும் இவ்வளவுதானா என்ற வேதனையும் எனக்கு உண்டு. இரண்டையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறேன்.

2024 செப்டம்பர் 21 அன்று நடந்த இலங்கை அதிபர் தேர்தலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கண்காணிப்புக் குழு அனுப்பியது. முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், அந்நாட்டில் முதன்முறையாக விருப்பு வாக்குகளையும், அதாவது வாக்காளர்கள் அடுத்த விருப்பமாகக் குறித்தவற்றையும், எண்ணினார்கள். அதை நம் வாசிப்பில் வரிவரியாகப் பேசினோம். என் அக்கா மகள் காலையிலேயே வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு எனக்குப் பேசினாள். அவளுடைய பாட்டிக்கு, அதாவது என் தாய்க்கு, அந்த மண்ணில் ஒருநாளும் வாக்கு இருந்ததில்லை.

நமக்கு எதற்கு ஜெனீவா என்று கேட்கிறார்கள். ஆகஸ்ட் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "செயலாளரே, ஜெனீவாக்காரன் வந்து நம்ம லயத்துக்கு ஓடு மாத்திக் குடுப்பானா?" என்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை வைத்துக் கேட்டார். நேரமில்லாததால் அன்று பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. தேயிலைக்கு உழைத்த நம் முன்னோர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். யாருடைய குடியுரிமையையும் மனம்போனபடி பறிக்கக் கூடாது என்று சொல்லும் மனித உரிமைப் பிரகடனத்தை ஐ.நா. சபை நிறைவேற்றியது டிசம்பர் 10இல். இடையில் 25 நாள். அப்போது இலங்கை ஐ.நா.வில் உறுப்பினராகக்கூட இல்லை. 1955இல்தான் சேர்ந்தது. 1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களை யாராவது கேட்டார்களா? பார்த்து எழுதிவைக்க வெளியாள் ஒருவர் இருந்தாரா? என் அப்பா படிவத்தில் கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துச் சொல்ல ஆளில்லை. மணமாகிப் போயிருந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் வந்து, இந்த மலைக்கு வந்தோம். அப்பா சாகும்வரை அந்தப் படிவத்தைப் பற்றியே பேசினார்.

லயத்தின் ஓட்டைப் பற்றிக் கேட்ட உறுப்பினருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிமைத்தனத்தின் நவீன வடிவங்களை ஆராயும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டோமோயா ஒபொகாடா 2021 இறுதியில் இலங்கைக்கு நேரில் போனார். வெள்ளைக்காரன் காலத்து லயங்களின் நிலையையும், பூர்வீகத்தைக் காரணமாக வைத்து மலையகத் தமிழர்களுக்கு இன்றும் நடக்கும் பாகுபாட்டையும் எழுதிவைத்தார். ஓடு மாறியிருக்கிறதா என்று நாளை கேட்க வேண்டுமானால், இன்று எப்படி இருந்தது என்று ஒருவர் எழுதியிருக்க வேண்டும். நம் சங்க அறையில் நடப்பதும் அதுதான்.

டிசம்பர் 10 கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அறை வாடகைக்கு எடுத்து, அறுபது பேருக்குத் தேநீர் சொல்லி, 25 நாள் கணக்கைப் பலகையில் எழுதிவைத்துக் காத்திருந்தேன். வந்தவர்கள் பதினொரு பேர். அன்று மழையில்லை, பேருந்து ஓடியது, நமக்குத் தெரிந்து ஒரு கல்யாணமும் இல்லை. கீழ்க்கோத்தகிரியிலிருந்து எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். அரவேணுவில் இருக்கும் செயற்குழு உறுப்பினர்கள் வரவில்லை. அந்த அம்மா தன் பழைய குடும்ப அட்டையை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டியபோது, பார்க்க இன்னும் பத்துப் பேராவது இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

சந்தா நிலவரம்: உறுப்பினர்கள் 138 பேர். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கட்டியவர்கள் 57 பேர். பெயர்களை வாசிக்கப்போவதில்லை. மூன்று ஆண்டாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுச் சாவுக்கும் சங்கம் பணம் கொடுத்திருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வைப்பார். மொத்தத்தில் கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. வாசிப்புக்கு நகலெடுத்த செலவில் பாதியை நானே ஏற்றுக்கொண்டேன் என்பது பதிவாக வேண்டும். சங்கப் பணம் ஜெனீவாவுக்குப் போகிறது என்ற பேச்சு இதோடு நிற்கட்டும்.

தலைவருக்கும், கணக்கைச் சரிபார்த்தவருக்கும், கண் முகாமுக்கு இடம் தந்தவர்களுக்கும், இணையத்திலிருந்து ஆவணங்களை எடுத்துத் தந்த என் மகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி: 2024 அக்டோபரில் வாக்கெடுப்பு இல்லாமல் நிறைவேறிய 57/1 தீர்மானம் ஆணையர் அலுவலகத்தின் பொறுப்பை ஓராண்டுக்கு மட்டுமே நீட்டித்தது. 2025 செப்டம்பரில் தொடங்கும் பேரவையின் 60ஆம் அமர்வில் முழு அறிக்கை வரும். அதற்குள் மூன்றாம் பத்தியில் இன்னும் இருபது குடும்பங்களின் சொல்லாவது ஏற வேண்டும். எனக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. இந்த ஏற்றத்தில் வீடு வீடாகப் போவது முன்போல் முடியவில்லை. பேரேட்டை எடுத்து நடத்த இளையவர் ஒருவர் முன்வந்தால் இன்றே கையில் கொடுப்பேன். வராவிட்டால் நானே எழுதுவேன். அங்கே உறவினர் உள்ளவர்கள் அவர்களுடைய எண்ணைக் கொடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். ரசீதுப் புத்தகமும் என்னிடமே இருக்கிறது.