ஆறுதல் பரிசாகவா கலைப்பாடங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களைத் தவறாமல் வாசிக்கிறேன். எந்தப் படிப்புக்கு எந்த வேலை, எவ்வளவு சம்பளம், எந்தத் துறைக்கு இன்னும் கொஞ்ச காலம் மவுசு இருக்கும் என்பதெல்லாம் விரிவாக வருகிறது. தேவையான தகவல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இலக்கியம், வரலாறு, தத்துவம், கலை என்று பேச்சு வந்தால் மட்டும் தொனியே மாறிவிடுகிறது, மற்றதில் இடம் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம் என்று முதுகில் தட்டிக்கொடுக்கிற தொனி. அந்தத் தொனியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்தப் பாடங்களில் பட்டம் வாங்கினால் வேலை கிடைக்குமா என்பது ஒரு கேள்வி, அதற்கான பதில் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும். என் கட்சி வேறு. இவை அதிகம் தேவைப்படுவது இவற்றில் பட்டம் வாங்காதவர்களுக்குத்தான். கணக்கு எழுதுகிறவர், வண்டி ஓட்டுகிறவர், மென்பொருள் எழுதுகிறவர், வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், அவர்களுக்குத் தினமும் வருகிற தலைவலியில் பாதி சக மனிதர்களால் வருவது. மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள், எது நியாயம், இதற்கு முன் இப்படி நடந்தபோது என்ன ஆனது என்று பல தலைமுறைகள் யோசித்துச் சேர்த்து வைத்ததைத்தான் நாம் 'ஆர்ட்ஸ்' என்று ஓரம் கட்டி வைத்திருக்கிறோம்.

ஏர்ல் ஷோரிஸ் என்று ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருந்தார். வறுமையைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்காகப் பலரையும் சந்தித்துக்கொண்டிருந்தபோது, சிறையில் இருந்த ஒரு பெண்ணிடம், மக்கள் ஏன் ஏழைகளாகவே இருந்துவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. நாடகம், அருங்காட்சியகம், இசை நிகழ்ச்சி, சொற்பொழிவு, இதெல்லாம் கிடைக்கிற உலகத்துக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். ஷோரிஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, 1995இல் நியூயார்க்கில் ஒரு குடும்ப நல ஆலோசனை மையத்தில் ஏழைகளுக்கான வகுப்பைத் தொடங்கினார். தத்துவம், இலக்கியம், கலை வரலாறு, நாட்டு வரலாறு, தர்க்கம், இவைதான் பாடங்கள். வந்தவர்களில் வீடில்லாதவர்கள் இருந்தார்கள், சிறைக்குப் போய்வந்தவர்கள் இருந்தார்கள். ஆசிரியர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவதும் மற்றவர்கள் குறிப்பெடுப்பதுமாக அந்த வகுப்பு நடக்கவில்லை, சாக்ரடீஸ் பாணியில் கேள்வி மேல் கேள்வி கேட்டு அவர்களையே பேச வைத்தார்கள். பிளேட்டோவின் குகை உவமையில் சுவரில் விழும் நிழலையே உலகம் என்று நம்பியவர்களைப் பற்றிப் படிக்கும்போது, அது யாரைப் பற்றியது என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த மாணவர்களில் ஒருவர் பிறகு ஷோரிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வேலை செய்யும் இடத்தில் கூட வேலை பார்ப்பவரோடு தகராறு முற்றி, பழைய ஆளாக இருந்திருந்தால் கை நீட்டியிருப்பார், ஆனால் அந்த நேரத்தில் 'சாக்ரடீஸ் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?' என்று தனக்குள் கேட்டுக்கொண்டாராம். இதை ஷோரிஸே எழுதியிருக்கிறார். எனக்கு இந்தச் சம்பவம் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அவருக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிடவில்லை, புது வேலை கிடைத்துவிடவில்லை. கோபம் தலைக்கேறியதற்கும் கை ஓங்குவதற்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்தக் கொஞ்ச இடம் இல்லாமல் எத்தனை குடும்பங்கள் நாசமாகியிருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தால், இது பணத்தால் வாங்க முடிகிற பொருளா? கிளெமென்டே வகுப்பு என்ற அந்த முயற்சி பிறகு வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் பரவியது.

இது தனி மனிதரோடு நிற்கிற விஷயமும் இல்லை. சுமத்ரா கரைக்குச் சற்றுத் தள்ளி சிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. 1907இல் அங்கே பெரிய சுனாமி வந்து ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் அதை 'ஸ்மோங்' என்ற பெயரில் கதையாகச் சொன்னார்கள், பாட்டாகப் பாடினார்கள், பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தார்கள். நிலம் பலமாக ஆடி, அப்புறம் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு என்பதுதான் சாரம். 2004 டிசம்பர் 26 அன்று அந்தத் தீவுக்கு மிக அருகில்தான் நிலநடுக்கம் வந்தது. எந்தக் கருவியும் எச்சரிக்கவில்லை, அலை வந்து சேர அவர்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். ஜனங்கள் ஓடினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர் என்று பதிவாகியிருக்கிறது, பக்கத்திலிருந்த ஆச்சே பகுதியிலோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மேடு பக்கத்திலேயே இருந்ததும் அவர்களுக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனாலும் ஓட வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டுமே! அந்த அறிவு சுமார் நூறு வருடம் கதையாகவும் பாட்டாகவும் உயிரோடு இருந்திருக்கிறது. கதை சொல்வதும் நினைவைக் காப்பதும் பொழுதுபோக்கு என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மருத்துவம் போன்ற துறைகளிலும் இதை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரீட்டா சரோன் மருத்துவர், இலக்கியத்திலும் முனைவர். நோயாளியின் மருத்துவக் குறிப்பில் ரத்த அழுத்தம், மருந்து, அளவு என்று எழுதுவார்கள் அல்லவா, அதற்குப் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் எழுதச் சொல்லித் தன் மாணவர்களைப் பழக்கினார். இந்த நோயாளியைப் பார்த்தால் எனக்கு என் தாத்தா ஞாபகம் வருகிறது, அறைக்குள் போகவே மனம் வரவில்லை என்பது போன்ற, மருத்துவமனைக் காகிதத்தில் எழுத இடமில்லாத விஷயங்களைச் சாதாரண மொழியில் எழுதி, சக மாணவர்கள் முன்னால் வாசிக்க வேண்டும். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும் ஒரு பயிற்சிதான், அதுவும் வகுப்பில் சொல்லித்தர வேண்டிய பயிற்சி.

நான் போய்வருகிற ஒரு சிறிய வாசிப்புக் கூட்டத்திலும் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு சிறுகதையை உரக்க வாசித்துவிட்டுப் பேசுவோம், அவ்வளவுதான். கதையில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிற ஒரு மூதாட்டி வந்தார். சிடுசிடுப்பான கிழவி என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் முடிவு கட்டிவிட்டோம். அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஒரு பெண்மணி, 'இது கோபம் இல்லைங்க, பயம். நடக்க முடியாமல் போயிடுமோன்னு பயம். என் மாமியார் இப்படித்தான் கத்துவாங்க' என்றார். சரி, திரும்பிப் போய் அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தோம், ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி கேட்டது. அதிகம் படித்தவர்கள் பலர் இருந்த அறையில் அந்தக் கதையைச் சரியாகப் படித்தவர் அவர்தான். அவரும் தன் மாமியாரைப் பற்றி வெளியே பேசியது அன்றுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். தனியாக உட்கார்ந்து வாசித்திருந்தால் எங்களுக்கும் அது கிடைத்திருக்காது, அவருக்கும் பேச வாய்ப்பு வந்திருக்காது.

நாவல் படித்தவரெல்லாம் நல்லவரா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. 1942 ஜனவரியில் பெர்லின் நகரின் வான்சீ பகுதியில் நாஜி ஜெர்மனியின் உயர் அதிகாரிகள் 15 பேர் கூடி யூதர்களைக் கொன்றொழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைத்தார்கள், அவர்களில் பலர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். படிப்பு தானாக யாரையும் நல்லவராக்கிவிடாது. இலக்கியக் கதைகளைக் கொஞ்ச நேரம் வாசித்தாலே அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் கூடுகிறது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது, பின்னர் மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே மாத்திரை போல விழுங்கினால் குணமாகும் என்று நான் வாதாட வரவில்லை. மாற்றுக் கருத்தைக் கேட்டு, பதில் சொல்லி, சில நேரம் தோற்று, திரும்ப வந்து உட்காரும் பழக்கம் வருடக்கணக்கில் ஊற வேண்டும், அதுவும் நாலு பேரோடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினமும் கைபேசிக்கு வந்து விழும் 'வரலாற்று உண்மை'களைப் பார்க்கிறோம். யார் எழுதியது, எப்போது எழுதியது, யாருக்கு லாபம் என்று கேட்கிற பழக்கம் வரலாற்றுப் பாடம் தர வேண்டியது. 1440இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர், ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்புக்கு நிலமும் அதிகாரமும் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஆவணம் போலி என்று நிறுவினார். பல நூற்றாண்டுகள் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட காகிதம் அது. அதன் மொழி நடையே அந்தப் பேரரசர் காலத்தோடு ஒட்டவில்லை என்று சுட்டிக்காட்டியே சாதித்தார். வந்ததை அப்படியே நாலு குழுக்களுக்கு அனுப்புகிற நமக்கு அந்தப் பொறுமையில் கொஞ்சமாவது வேண்டாமா?

குற்றம் முழுக்க வெளியில் இருப்பவர்கள் மேல் என்றும் சொல்ல முடியாது. வரலாற்றை ஆண்டுப் பட்டியலாகவும், கவிதையைப் பொருளுரை மனப்பாடமாகவும் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்? பொறியியல், மருத்துவம், வணிகம் படிக்கிறவர்களுக்கும் குறிப்பேடு இல்லாத, உட்கார்ந்து விவாதிக்கிற ஒரு வகுப்பாவது வேண்டும். நூலகங்களில் வேலை முடிந்து வருகிறவர்கள் மாலையில் கூடிப் பேச ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டால் போதும், பெரிய செலவு இல்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்து வருகிற உயர்கல்வி மலரில் இந்தத் துறைகளைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். இவற்றைப் படித்து ஆவணக் காப்பகத்திலும் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் வேலை செய்கிறவர்களை எழுதச் சொல்லுங்கள். பட்டம் எதுவும் இல்லாமல் வாசிப்பால் வாழ்க்கை மாறியவர்களும் உங்கள் வாசகர்களில் நிச்சயம் இருப்பார்கள், அவர்களுக்கும் வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்