கேட்டுக்கு வெளியே ஒரு பெஞ்ச்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கப் பள்ளிகளில் இடம் கிடைப்பதில்லை, நன்கொடை கேட்கிறார்கள் என்றெல்லாம் உங்கள் பகுதியில் அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. நான் சொல்ல வந்தது வேறு. இடம் கிடைத்துவிட்ட பிள்ளையின் அப்பா, அம்மா ஒரு வேலையாகப் பள்ளிக்குப் போனால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

நானும் கத்தோலிக்கன்தான். அரசு உதவி பெறும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் 31 வருடம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அத்தனை வருடமும் கேட்டுக்கு உள்ளேயே இருந்துவிட்டேன். போன ஜூன் மாதம் பேத்தியின் சேர்க்கை விஷயமாகச் சில சான்றிதழ் ஜெராக்ஸ் கொடுக்க ஒரு பள்ளிக்குப் போனபோதுதான் (எந்தப் பள்ளி என்பது வேண்டாம்) முதல் தடவையாக வெளியே நின்றேன்.

கேட் பூட்டியிருந்தது. சின்னக் கதவில் ஒரு சதுர ஓட்டை, அதில் வாட்ச்மேனின் பாதி முகம். "அப்பாயின்ட்மென்ட் இருக்கா? இல்லைன்னா பதினொரு மணிக்கு மேல வாங்க." அப்போது மணி ஒன்பதரை. என்னோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண், அப்புறம் வேலைக்குப் போகிற வழியில் வந்த ஒரு கொத்தனார், சட்டைக் கையில் முந்தைய நாள் சிமென்ட் அப்படியே காய்ந்திருந்தது. நிழல் இல்லை, உட்கார ஒரு கல் கூட இல்லை. கேட்டுக்கு உள்ளே பத்தடி தள்ளி திருஇருதய ஆண்டவர் சுரூபம் (இயேசு சிலை), இரண்டு கைகளையும் விரித்தபடி. கம்பி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. பக்கத்துச் சுவரில், அதற்கு முந்தைய மாதம் ஆயர் (பிஷப்) வந்ததற்கு வைத்த வரவேற்பு ஃபிளெக்ஸ் இன்னும் கழற்றாமல் இருந்தது.

வாட்ச்மேனைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஏஜென்சி ஆள், ஒருவரை உள்ளே விட்டால் யாரிடம் திட்டு வாங்குவோம் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம் என்பார்கள். சரி, பூட்டட்டும். நிழலில் ஒரு பெஞ்சும் ஒரு குடம் தண்ணீரும் வைத்தால் எந்தப் பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன குறைந்துவிடும்?

பள்ளி வாசல்காரர் ஒருவரையே திருச்சபை புனிதராக்கியிருக்கிறது, நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அல்போன்ஸ் ரொட்ரீகஸ் என்று பெயர். ஸ்பெயின்காரர், கம்பளி வியாபாரி, மனைவி பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். பெரிய படிப்பு இல்லாததால் குருவாக முடியாமல், இயேசு சபையில் சகோதரராகச் சேர்ந்து மயோர்கா தீவில் சபையின் கல்லூரி வாசலில் 40 வருடத்துக்கும் மேல் நின்றார். யார் கதவைத் தட்டினாலும் "இதோ வருகிறேன் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே போய்த் திறப்பாராம். 1617இல் இறந்தார், 1888இல் புனிதர் பட்டம். அவரோடு சேர்த்தே பட்டம் பெற்ற பீட்டர் கிளேவர் அந்தக் கல்லூரியில் படித்தவர், தென் அமெரிக்காவின் கார்த்தஹேனா துறைமுகத்தில் வந்திறங்கிய ஆப்பிரிக்க அடிமைகளுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர். அவரைக் கடல் கடந்து போகத் தூண்டியது பேராசிரியர் யாரும் இல்லை, இந்த வாசல்காரர்தான்.

2024இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. பிற சமயப் பிள்ளைகள் மேல் நம் மரபுகளைத் திணிக்காதீர்கள், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசியுங்கள், அதை நுழைவாயிலில் எழுதி வையுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. நல்ல விஷயம். ஆனால் முகப்புரையை மாட்டப்போகிற அதே வாயிலில்தான் 'பெற்றோர் அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்ற போர்டும் தொங்குகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாது, ஏழையை உள்ளே கூப்பிடுவது நம் மனசைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. அப்படியானால் கூடுதலாக அல்லவா கவனிக்க வேண்டும்?

காலை உணவுத் திட்டத்தை அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கியபோது கிராமப்புறத்துக்கு 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியிலும், நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியிலும்தான் முதல்வர் தொடங்கி வைத்தார். இரண்டும் நம் பள்ளிகள். பிள்ளைக்கு உள்ளே சுடச்சுடப் பொங்கல் போடுகிற இடத்தில், அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அம்மாவுக்கு வெளியே உட்கார இடம் இல்லை என்பது உறுத்தவில்லையா?

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் நான் நாற்காலியில், பெற்றோர் நின்றபடி. என் வயதுக்கு மூத்தவராகவும் இருப்பார். அவர் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்துத்தான் 'வாங்க'வா 'வா'வா என்று முடிவு செய்வோம், நான் உட்பட. நான் சேர்ந்த புதிதில் இருந்த தலைமையாசிரியை சிஸ்டர் ஒருவர்தான் விதிவிலக்கு. ஒரு நாள் ஒரு பாட்டி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஆபீஸுக்குள் வராமல் நிலைப்படிக்கு வெளியே ஒதுங்கி நின்றார். சிஸ்டர் எழுந்து போய், "செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்கம்மா, இது உங்க பேரன் ஸ்கூல்" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார். பாட்டி விளிம்பில்தான் உட்கார்ந்தார். நாங்கள் அதைப் பார்த்தோம், அடுத்த ரேங்க் கார்டு நாளில் பழையபடியே நடந்துகொண்டோம்.

பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் பதினொரு மணிக்கு வைப்பதையும் தாளாளர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். ஞாயிறு திருப்பலி முடிந்து கோயிலில் பங்குக் கூட்டம் வைக்க முடிகிறதே, பெற்றோர் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைத்தால் என்ன?

அன்று கேட் திறந்தது பதினொன்றரைக்கு. கொத்தனார் அதற்கு முன்பே போய்விட்டார், மேஸ்திரி இரண்டு தடவை போன் செய்துவிட்டாராம். போகும்போது தன் மகளின் ஆதார் ஜெராக்ஸையும் சாதிச் சான்றிதழையும் மஞ்சப்பையிலிருந்து எடுத்து, "சார், நீங்க உள்ள போனா இதையும் குடுத்துடுங்க" என்று என் கையில் கொடுத்தார். கொடுத்தேன். வாங்கிய கிளார்க் நிமிராமலே கேட்டார்: "ஏன், அவரு வர மாட்டாரா?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திண்டுக்கல்