பத்து நாள் முன்பே போட வேண்டிய ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2016-இல் அங்கோலாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, அங்கு சென்றிருந்த சீனர்களில் 11 பேர் அந்நோயுடன் தாயகம் திரும்பினர். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்கு காய்ச்சலால் நாம் நன்கறிந்த அதே கொசுதான்; நோயுடன் ஒருவர் திரும்பினால் இங்கும் அது பரவக்கூடும் என்பதால், ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர்கள் பயணச்சீட்டு, விசா எல்லாம் கைக்கு வந்த பிறகே தடுப்பூசியைப் பற்றி விசாரிப்பது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பின்னரே தடுப்பூசிச் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் அது ஆயுள் முழுவதும் போதும். சான்றிதழின்றித் திரும்புவோர் இங்கு 6 நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள், விண்ணப்பம் பெறும் அன்றே, கிண்டி கிங் நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களுக்கு அவர்களை அனுப்பி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை