பி.ஆர்.பி. ஊசியும் உப்புநீர் ஊசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தசைநாண், மூட்டுக் காயங்களுக்கான பி.ஆர்.பி. ஊசி குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, பிளேட்லெட் என்னும் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவை (இதன் ஆங்கிலச் சுருக்கமே பி.ஆர்.பி.) பிரித்து வலியுள்ள இடத்தில் செலுத்தும் முறையைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருக்கிறார். ஆனால், சிகிச்சை பெற்ற சிலரின் அனுபவத்தை மட்டுமே சான்றாகக் கொண்டு, தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் வளரும் என்று அவர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஊசி போட்ட பின் வலி குறைந்ததா, ஊசியால்தான் குறைந்ததா என்பதை ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு சொல்லிவிட முடியாது. 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 288 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு பி.ஆர்.பி.யும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் வாரம் ஒன்றாக மூன்று முறை செலுத்தினார்கள். யாருக்கு எது சென்றது என்பது நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்ட மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினருக்குமே வலி குறைந்திருந்தது. வலி எவ்வளவு குறைந்தது என்பதிலோ, ஸ்கேனில் தெரிந்த குருத்தெலும்பின் நிலையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டில், குதிநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண்) வலி உள்ள 240 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில், போலி ஊசி குத்தப்பட்டவர்களைவிட பி.ஆர்.பி. பெற்றவர்கள் ஆறு மாதத்தில் கூடுதலாகத் தேறிவிடவில்லை.

டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கைத் தசைநாண் வலிக்கு இது பயன்தருவதாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எடுக்கும் ரத்தத்தின் அளவு, சுழற்றும் வேகம், வெள்ளணுக்களை நீக்குவதா வைத்துக்கொள்வதா என்பவையெல்லாம் இடத்துக்கு இடம் மாறுவதால், பலனில்லை என்ற ஆய்வுகளில் பிளேட்லெட் செறிவு போதவில்லை என்று இதன் ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியானால், தாம் செலுத்தும் மருந்தில் எவ்வளவு பிளேட்லெட் இருக்கிறது என்பதை எண்ணிச் சொல்லும் கடமையும் சிகிச்சை அளிப்போருக்கு இருக்க வேண்டும். எனக்கு ஊசி போட்டபோது யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

எனக்கு வந்ததும் குதிநாண் வலிதான். ஓர் ஊசிக்குப் பிறகு, படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தேன். ஐந்தாம் மாதத்தில் வலி விட்டது. வீட்டில் எல்லோரும் ஊசியைத்தான் புகழ்கிறார்கள். பயிற்சியா, ஊசியா, தானாகவே ஆறியதா என்பது எனக்கே தெரியாதபோது, என்னை ஒரு சான்றாக எவரும் காட்டிவிடக் கூடாது.

சொந்த ரத்தம் என்பதால் பக்கவிளைவே இல்லை என்ற கட்டுரையின் வரியையும் திருத்த வேண்டும். ஊசி போட்ட இடத்தில் சில நாள்களுக்கு வலியும் வீக்கமும் கூடுவது வழக்கமே. அரிதாகக் கிருமித் தொற்றும் ஏற்படலாம். மேற்சொன்ன ஆய்வுகளின் முடிவுகளையும் அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்